அப்பா இறந்த பிறகு அவர் மீதான கொலை வழக்கை நடத்திய கதை

அப்பா இறந்து பத்தொன்பதாம் நாள் வக்கீல் ஆபீசுக்குப் போனேன். வழக்கு நடத்துகிற எண்ணமெல்லாம் இல்லை. நாலரை வருடமாக அங்கே கிடந்த கேஸ் கட்டை வாங்கி வந்துவிடலாம் என்றுதான் போனது.

"ஆளே போயிட்டாரு, கேஸும் அதோட முடிஞ்சிருச்சும்மா. கட்டை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் குமாஸ்தா. அவரைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த ஜூனியர் வக்கீல் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "என்னைக்கு இறந்தாங்க?" என்று கேட்டார். தேதி சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "இன்னும் பதினோரு நாள் இருக்குக்கா. கட்டு இங்கயே இருக்கட்டும்."

அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். எங்களைப் போல யாராவது கருமாதி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால், இது கண்ணில் படட்டும்.

வழக்கு இதுதான். 2011இல் வாய்க்கால் தகராறில் பங்காளி வீட்டு ஆள் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டியதைப் பார்த்தவர் கிடையாது. அதற்கு ரெண்டு நாள் முன்னால் மடை திறப்பதில் அவருக்கும் அப்பாவுக்கும் வாய்ச்சண்டை நடந்தது உண்மை. 2014இல் செஷன்ஸ் கோர்ட், கொலைக்கான 302ஆவது பிரிவில் அப்பாவுக்கு ஆயுள் தண்டனையும் ஐயாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதத்தை ரெண்டு ஆடு விற்றுக் கட்டினோம். அறுபது நாளுக்குள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு போட்டோம். தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்ட மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு வரிசையில் இருந்தபோதே, 2018 நவம்பரில், அரசு ஆஸ்பத்திரியின் கைதிகள் வார்டில் அப்பா இறந்துவிட்டார். நெஞ்சுவலி. சிறைக் காவலில் நடந்த சாவு என்பதால் மாஜிஸ்திரேட் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் உடம்பைக் கொடுத்தார்கள்.

ஆக, இறக்கும்போது அவர் சட்டப்படி கொலைக் குற்றவாளி. அப்படியே விட்டால் அந்தப் பெயர் அப்படியே நிற்கும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆவது பிரிவு, மேல்முறையீடு செய்தவர் இறந்தால் மேல்முறையீடும் அற்றுப்போகும் என்கிறது. கூடவே ஒரு வாசல் வைத்திருக்கிறது. சிறைத் தண்டனையோ மரண தண்டனையோ பெற்றவர் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இறந்தால், நெருங்கிய உறவினர் முப்பது நாளுக்குள் மனுப் போட்டு, அனுமதி வாங்கி, அதைத் தொடர்ந்து நடத்தலாம். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை வழி, உடன்பிறந்தவர்கள். இவ்வளவு பேர்தான் நெருங்கிய உறவினர். கட்டிக்கொடுத்த மகள் போட முடியுமா என்று மாமா கேட்டார். போடலாம். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து, அதில் இது 435ஆவது பிரிவு ஆகிவிட்டது. விஷயம் அதேதான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. அபராதத்தை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு மட்டும் சாவு கிடையாது. ஆள் போனாலும் அது நிற்கும். ஏனென்றால் அபராதம் சொத்திலிருந்து வசூலாகிற காசு, வாரிசுகளைப் பாதிக்கும். ஐயாயிரம் ரூபாய்க்குச் சட்டம் தானாக முழித்திருக்கிறது, மனுஷன் பேருக்கு நாம் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது. "நமக்கும் அபராதம் இருக்கே, அதைச் சொல்லி வாதாடலாமே?" என்று கேட்டேன். "வாதாடலாம். ஆனா அதை நம்பி முப்பது நாளை விடக் கூடாதுக்கா" என்றார் ஜூனியர்.

அதற்கு முன்னால் நான் வேறொன்றை மனதில் வைத்திருந்தேன். அந்த செப்டம்பரில்தான் ராஜீவ் வழக்கின் ஏழு பேரை விடுதலை செய்யச் சொல்லி அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்திருந்தது. டிவியைப் போட்டால் 161, 161 என்றே ஓடியது, ஆளுநருக்கு மன்னிக்கும் அதிகாரம் தருகிற அரசியல் சட்டப் பிரிவு அது. ஆளுநர் மன்னிக்கலாம் என்றால் செத்தவருக்கும் மன்னிப்புக் கேட்கலாமே என்று ஒரு மனுவே எழுதி வைத்திருந்தேன், "எங்கள் தந்தையை மன்னித்து" என்று ஆரம்பித்து. ஜூனியர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிப்பு யாருக்குக்கா? செஞ்சவனுக்குத்தானே? உங்கப்பா செஞ்சாரா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். இந்திரா காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட கேஹர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கருணை மனுவில் குடியரசுத் தலைவர் சாட்சியத்தைப் பார்த்து வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் நீதிமன்றத்தின் பதிவு அதனால் மாறாது. ஆளுநர் கையெழுத்துத் தண்டனையைத் தொடும், தீர்ப்பைத் தொடாது. அப்பாவுக்கு இனி எந்தத் தண்டனை பாக்கி?

வெளிநாட்டுக் கதைகளை அவர்தான் எனக்கு அறிமுகம் செய்தார். பேருந்தில் போனில் படித்துக்கொண்டே போவேன். லண்டனில் டெரெக் பென்ட்லி என்று பத்தொன்பது வயதுப் பையன். கூடப் போன பதினாறு வயதுக்காரன் போலீஸ்காரரைச் சுட்டான், சுட்டவனுக்குத் தூக்குப் போடும் வயதில்லை என்று பென்ட்லியை 1953 ஜனவரி 28இல் தூக்கிலிட்டார்கள். அக்கா ஐரிஸ் நாற்பது வருடம் போராடினார். 1993இல் அரச மன்னிப்பு வந்தது, அதுவும் தண்டனைக்கு மட்டும், குற்றம் அப்படியே இருந்தது. குற்றவாளி என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 1998 ஜூலையில். ஐரிஸ் 1997இலேயே இறந்துவிட்டார். அதே ஊரில் திமோதி எவன்ஸ். குழந்தையைக் கொன்றதாக 1950இல் தூக்கிலிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி வரிசையாகக் கொலை செய்தவன் என்று தெரிந்தது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு. ஆனால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டுக் குடும்பம் போனபோது, 2004இல் நீதிமன்றம், கொலைக்கு அவர் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொண்டே, அதற்காகச் செலவும் நேரமும் செய்வது நியாயமாகாது என்று சொல்லிவிட்டது. அதைப் படித்த பிறகுதான் என் மனுவைக் கிழித்துப் போட்டேன்.

சரி, பதினோரு நாள்.

மனுவை யார் பெயரில் போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா பெயரில் போடச் சொன்னார் ஜூனியர். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும், நாளைக்கு எங்களால் முடியாமல் போனாலும் வழக்கு நிற்காது என்பது அவர் கணக்கு. (சீனியர் வக்கீல் கடைசிவரை செலவுக்கு மட்டும்தான் வாங்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர எங்களுக்கு நாள் இல்லை. அது வேண்டாம், ரேஷன் கார்டும் பிரமாணப் பத்திரமும் போதும் என்றார்கள். இறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லாமல் முடியாது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் சர்வர் இல்லை. ரெண்டாம் நாள் பதிவாளர் லீவு. மூன்றாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது, அப்பாவின் இனிஷியல் 'மு' என்று. எங்கள் தாத்தா பெயர் 'மா'வில் ஆரம்பிக்கும். சிறையிலிருந்து வந்த சீட்டில் இருந்தபடிதான் ஏற்றினோம் என்றார்கள். திருத்தம் செய்ய சிறையிலிருந்து கடிதம் வேண்டுமாம். ஒரே ஒரு எழுத்து மாறியதில் நாலு நாள் போயிருக்கும். ஜூனியர் சிரித்துவிட்டார். "அப்படியே கொண்டாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு அம்மா பிரமாணத்துல ஒரு பத்தி சேர்த்துக்கலாம்."

இருபத்தேழாம் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடை பஸ் ஏறினோம். வக்காலத்தில் கைநாட்டு, பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு. மை காயுமுன் சேலையில் துடைக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், வெள்ளைச் சேலை. மனு ஏதோ குறை என்று ஒரு தடவை ரிட்டன் ஆகி, சரி செய்து திரும்பப் போட்டார்கள். பயந்துவிட்டேன். முதலில் தாக்கல் செய்த தேதிதான் கணக்காம். முப்பது நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனுவும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அங்கேயும் மன்னிப்பு என்ற சொல்தான்.

அரசுத் தரப்பில் எதிர்ப்புச் சொல்லவில்லை. ரெண்டே நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை, எழுதவும் ஒன்றுமில்லை.

அந்த நாட்களில் டைப்டு செட்டை, அதாவது வழக்கின் சாட்சியங்களையும் ஆவணங்களையும் டைப் அடித்துச் சேர்த்த கட்டை, வாங்கிப் படித்தேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், பீஸில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்ணில் பட்டுவிடும். அ.சா.2, அதாவது அரசுத் தரப்பின் ரெண்டாவது சாட்சி, ராத்திரி எட்டரை மணிக்கு வாய்க்கால் கரையில் லைட் வெளிச்சத்தில் அப்பாவை அரிவாளோடு பார்த்ததாகச் சொல்லியிருந்தார். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் புளியமரம் இருக்கிறது, மடை இருக்கிறது, விளக்குக் கம்பம் இல்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு ஜூனியருக்குப் போன் செய்தேன். "அது மேல்முறையீட்டு மனுவுல நாலாவது காரணமா 2014லயே இருக்குக்கா" என்றார்.

2020 ஜனவரியில் ரெண்டு நீதிபதிகள் அமர்வில் வாதம் நடந்தது. விளக்குக் கம்பம், கோர்ட்டுக்கு அடுத்த நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்த எஃப்.ஐ.ஆர்., போலீசில் சொன்னதை கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியான மகஜர் சாட்சி, அரிவாளில் இருந்தது மனித ரத்தம் என்று மட்டும் சொல்லி யார் ரத்தம் என்று சொல்லாத ஆய்வறிக்கை. நேரில் பார்த்தவர் இல்லாத சந்தர்ப்ப சாட்சிய வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 1984இல் சரத் சார்தா தீர்ப்பில் வைத்த ஐந்து விதிகளைச் சீனியர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் தண்டிக்க முடியாது என்பது சாரம். வாதம் முழுக்க அப்பாவை 'எதிரி' என்றே சொன்னார்கள், எங்கள் வக்கீலும்தான். கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். பழகிக்கொள்ள முடியவில்லை.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, விடுதலை, கட்டிய அபராதத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை ஜூனியர் அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னார். அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கே.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அவரு செய்யலன்னு எழுதியிருக்காகளா?"

அப்படி எழுதவில்லை. அப்படி எழுதுவது அபூர்வம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நிரூபிக்கவில்லை என்பதும் செய்யவில்லை என்பதும் ஒன்றா என்று கேட்டால், சட்டத்தில் ஒன்று. டீக்கடையில் ஒன்றல்ல. "அப்பா பேரு வழக்குல இல்ல இப்ப" என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். திருப்தியா என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காலின் காம்ப்பெல் ராஸ் என்பவரை ஒரு சிறுமியைக் கொன்றதாக 1922இல் தூக்கிலிட்டார்கள். சிறுமியுடையது என்று சொல்லப்பட்ட முடிதான் வழக்கில் முக்கியமான சாட்சியம். எழுபத்தைந்து வருடம் கழித்து அந்த முடியைத் திரும்பச் சோதித்தால் அது சிறுமியுடையதே இல்லை. 2008இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. ராஸ் குடும்பத்தோடு அந்தச் சிறுமியின் குடும்பமும் சேர்ந்து கேட்டது அது. எங்கள் பங்காளி வீடு மூன்றாவது வீடு. தீர்ப்பு வந்த அன்று அவர்கள் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த அத்தை, என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றோடு உள்ளே போய்விட்டார். அவர் புருஷனை வெட்டியது யார் என்று இன்றுவரை யாரும் தேடவில்லை. அந்தக் கோபத்தை அவர் வேறு யாரிடம் காட்டுவார்?

பாக்கி இருந்தது ஐயாயிரம் ரூபாய். ஊரடங்கு தளர்ந்ததும் தீர்ப்பு நகலோடு கீழ்க்கோர்ட்டுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்து, "எதிரி கையெழுத்து" என்ற இடத்தில் விரலை வைத்து, "அவரை நேர்ல வரச் சொல்லுங்க" என்றார். இறந்துவிட்டார் என்றேன். தீர்ப்பின் தேதியைப் பார்த்தார், இறப்புச் சான்றிதழின் தேதியைப் பார்த்தார், மறுபடி தீர்ப்பைப் பார்த்தார். "அப்புறம் எப்படி விடுதலை ஆனாரு?"

முழுக் கதையையும் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார். அது வர நாலு மாதம், அம்மா வங்கிக் கணக்கில் பணம் ஏற இன்னொரு மூன்று மாதம். வந்த ஐயாயிரத்துக்குச் சந்தையில் ஒரு ஆடுதான் கிடைத்தது. அதுவும் சின்னது.