புதுநகரம் நாட்குறிப்பு: சுப்ஹு (வைகறைத் தொழுகை) நேரம்

ஜனவரி 6, திங்கள்

ராத்திரி முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அஞ்சரை மணிக்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் 'உறக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்ற இடம் வந்த பிறகுதான் மகன் போர்வையை விலக்கினான். கண் திறக்காமலே ஓதினான்: "அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஃத மா அமாதனா வஇலைஹின் நுஷூர்." நம்மை மரணிக்கச் செய்தபின் உயிர்ப்பித்த அல்லாஹ்வுக்கே புகழ், அவனிடமே எழுப்பப்படுவோம். புகாரி எனும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அறிவிப்பாக வருவது.

அப்புறம் பின்மண்டையைத் தடவிக்கொண்டு, "முடிச்சு எங்க இருக்கு, அத்தா?" என்றான். மதரஸாவில் கேட்ட ஹதீஸ். தூங்குகிறவனின் பிடரியில் சைத்தான் மூன்று முடிச்சுப் போட்டு, 'ராத்திரி இன்னும் நீளமா இருக்கு, தூங்கு' என்பானாம். அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று அவிழும், ஒளு செய்தால் (தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவினால்) இரண்டாவது, தொழுதால் மூன்றாவது. என் போன் அலாரத்தைத் தள்ளிப்போடும் பட்டனும் இதே வசனத்தைத்தான் பேசுகிறது. "ஒண்ணு அவிழ்ந்தாச்சு, வா கிணத்தடிக்கு" என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மாடித் தொட்டித் தண்ணீர் ஐஸ். கிணற்றுத் தண்ணீரோ இந்த மார்கழியிலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. மகன் வாளிக்குள் நேராகக் கையை விடப் போனான், பிடித்துக்கொண்டேன். தூங்கி எழுந்தவன் மூன்று தடவை கை கழுவாமல் பாத்திரத்தில் விடக்கூடாது, ராத்திரி அந்தக் கை எங்கே கிடந்ததோ யாருக்குத் தெரியும். சொம்பில் மொண்டு ஊற்றினேன். மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்தியதில் பாதி என் கைலியில்.

ஜனவரி 10, வெள்ளி

வேலையாகப் பாலக்காடு டவுனில் தங்கல். சுப்ஹு, மாப்பிள்ளைமார் (மலையாள முஸ்லிம்கள்) பள்ளிவாசலில். அவர்கள் ஷாஃபி, தமிழ் ராவுத்தர்களான நாங்கள் ஹனஃபி; தொழுகை முறையில் சிறுசிறு வித்தியாசமுள்ள இரண்டு சட்ட வழிகள். எங்கள் பள்ளியில் கொஞ்சம் வெளுக்க விட்டுத்தான் இகாமத் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்வார்கள். இங்கே நல்ல இருட்டிலேயே தொழுது முடித்தாயிற்று. இரண்டாவது ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ருகூவிலிருந்து, அதாவது குனிந்த நிலையிலிருந்து, நிமிர்ந்த இமாம் கையேந்திக் குனூத் எனும் வேண்டுதலை ஓத, வரிசை முழுக்க ஆமீன். ஹனஃபிக்காரன் அந்த நேரம் கையைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்க வேண்டியதுதான். நின்றேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மச்சானுக்குக் கஞ்சிக்கோட்டில் நைட் ஷிப்ட். சுப்ஹை அங்கேயே தொழுதுவிட்டு வந்து படுப்பார். இன்று லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) எழுந்து உட்கார்ந்தவர், மகன் விழித்ததும் ஓதும் அதே துஆவை (வேண்டுதலை) ஓதியதும் மகனுக்குச் சிரிப்பு.

"மாமா, அது காலையில ஓதுறது!"

"விடியலுக்கு இல்லடா, தூக்கத்துக்கு. எப்ப எந்திரிச்சாலும் ஓதலாம்."

கையோடு கைபர் போர்க் கதையும் சொன்னார். இஸ்லாமிய ஆண்டுக்கணக்கில் ஹிஜ்ரி 7. போரிலிருந்து திரும்பும் வழியில் நபிகளும் (ஸல்) தோழர்களும் படுக்க, தோழர் பிலால் (ரலி) காவல். ஒட்டகத்தில் சாய்ந்தபடி அவரும் தூங்கிவிட்டார். வெயில் சுட்டுத்தான் விழித்தார்கள். உங்கள் உயிரைப் பிடித்துவைத்தவனே என் உயிரையும் பிடித்துவைத்தான் என்றாராம் பிலால். அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, ஒளு செய்து, நபிகள் (ஸல்) சுப்ஹைத் தொழவைத்தார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்றார்கள்.

"பிலாலுக்குத் திட்டு விழலையா?"

"இல்லையே."

அப்படியானால் நாளையிலிருந்து தன்னை எழுப்ப வேண்டாம் என்கிறான் பயல். அதெல்லாம் நடக்காது.