நாலு பேர் கணக்கு

எங்கள் வீடு வடலூரில், நாலுமுனைச் சந்திப்பிலிருந்து நடக்கிற தூரம். மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. பையனுக்குக் கல்யாணம் ஆனால் இருக்கட்டும் என்று லோன் போட்டுக் கட்டினது. அவன் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னையில் இருக்கிறான். லோன் மட்டும் எங்களோடு இருக்கிறது.

இங்கே வாடகைக்கு ஆள் பஞ்சமில்லை. பக்கத்திலேயே நெய்வேலி. அனல்மின் நிலையத்தில் மின்சாரம் தயாரிக்கிற ஒரு யூனிட்டை நிறுத்தி ஓவர்ஹால் என்கிற பெரிய பராமரிப்பு வேலை ஆரம்பித்தால் போதும்; பாய்லர் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர், இன்சுலேஷன் போடுகிறவர் என்று திருச்சி பக்கத்துத் துவாக்குடியிலிருந்து ஒடிசா வரைக்கும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். முப்பது நாள், நாற்பது நாள் வேலை. அத்தனை நாளைக்கு லாட்ஜ் கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர்களோ பதினோரு மாதத்துக்கு அக்ரிமெண்ட் போடு, குடும்பமாக வா என்பார்கள். கடைசியில் என் மாதிரி ஆளிடம்தான் வந்து நிற்பார்கள்.

முதலில் வந்தவர் ஒரு இன்ஜினியர் தம்பி. அயர்ன் பண்ணின சட்டை, தோளில் லேப்டாப் பை, நெற்றியில் விபூதி. எங்க வீட்டம்மா பார்த்த மாத்திரத்தில் ‘நல்ல வீட்டுப் பிள்ளை’ என்று சொல்லிவிட்டாள். ஒரு மாத அட்வான்ஸ் வாங்கினோம். அடுத்த மாதம் வாடகை கேட்டபோது, "ஆர்.ஏ. பில் இன்னும் பாஸ் ஆகல அங்கிள்" என்றார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. டீக்கடையில் விசாரித்ததில், முடித்த வேலைக்கு அவ்வப்போது போடுகிற பில் என்றார்கள். அது பாஸாகி மெயின் கான்ட்ராக்டருக்குப் பணம் வந்து, அவர் சப் கான்ட்ராக்டருக்குக் கொடுத்து, அவர் இவருக்குச் சம்பளம் போட்டு, பிறகு எனக்கு. வாய்க்காலில் கடைமடை நான். அப்பா விவசாயி, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் சாவி துளசி மாடத்தில் இருந்தது. தம்பியின் போன் சுவிட்ச் ஆஃப்.

அதற்குப் பிறகு ஆதார் ஜெராக்ஸோடு, அனல்மின் நிலையத்துக்குள் போவதற்கான கேட் பாஸும் கேட்க ஆரம்பித்தேன். ஆதாரில் ஆள் யார் என்பது இருக்கும். எத்தனை நாள் இருப்பார் என்பது இருக்காது. கேட் பாஸில் எதுவரை செல்லும் என்று தேதியே போட்டிருக்கும். வீட்டுக்காரனுக்கு வேண்டியது அந்தத் தேதிதான்.

இப்படி நான் உஷாராகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் துவாக்குடி மேஸ்திரி வந்தார். முறுக்கு மீசை, கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். வீட்டம்மா சமையலறைக்குள் கூப்பிட்டு, "பார்த்தா ஒரு மாதிரி இருக்காரே" என்றாள். விபூதி பூசினவர் போன கதையை நினைவுபடுத்தினேன். பேசாமல் போய்விட்டாள்.

"எத்தனை பேர் தம்பி?"

"நாலு பேருதாங்கய்யா."

நாலு கேட் பாஸ் காட்டினார். நாற்பது நாள். முதல் தவணை வாடகையை முன்பணமாகவே வைத்தார். முதல் வாரம் சிலிண்டர் கிடைக்கவில்லை. நேரம் வாய்த்தபோதெல்லாம் சத்திய தருமச்சாலையில் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். வள்ளலார் 1867ல் ஏற்றிவைத்த அடுப்பு அங்கே இன்றுவரை அணையாமல் எரிகிறது. எங்கள் மாடி அடுப்போ ஒரு வாரமாகப் பற்றவே இல்லை. சிலிண்டர் வந்த அன்று நேராகக் கருவாடு வறுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தலைமுறையாகச் சன்மார்க்கி, வள்ளலார் வழியில் புலால் தொடாதவர். அவர் திண்ணையில் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை இங்கே விவரிக்க வேண்டாம். மேஸ்திரி அன்று மாலையே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு மாடியில் முட்டைகூட வேகவில்லை.

சந்தேகம் தண்ணீரில்தான் ஆரம்பித்தது. மாடி டேங்க் 500 லிட்டர். காலையில் நிரப்பினால் பத்து மணிக்குக் காலி. சாயந்திரம் நிரப்பினால் ராத்திரி காலி. அடுத்து மொட்டை மாடிக் கொடி. வீட்டம்மா வடாம் காயப்போடப் போனவள் இறங்கிவந்து, "எட்டுத் துண்டு காயுது. நாலு பேருக்கு எட்டுத் துண்டு எதுக்குங்க?" என்றாள்.

ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய் மாடிப்படி வாசலில் செருப்பை எண்ணினேன். நாலு ஜோடி. காலை பத்து மணிக்கும் எண்ணினேன். அப்போதும் நாலு ஜோடி. "பாவம், வேர்வையில வேலை செய்யிற ஆளுங்க, ஆளுக்கு ரெண்டு துண்டு வச்சிருப்பாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வீட்டம்மா விடவில்லை. அடுத்த நாள் அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாலு ஜோடிதான். ஆனா ராத்திரி இருந்தது நீல வாரு. காலையில இருக்கிறது பின் குத்தின செருப்பு."

அன்று மாலை ஏழரைக்கே கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு முன்னால் வேன் வந்தது. சாம்பல் பூசிய முகத்தோடு நாலு பேர் இறங்கினார்கள். மாடியிலிருந்து குளித்து, தலை சீவி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வேறு நாலு பேர் இறங்கி வந்து அதே வேனில் ஏறினார்கள். இரண்டு செட்டும் எனக்குத் தனித்தனியாக வணக்கம் வைத்தது.

மேஸ்திரி கொஞ்சமும் அசரவில்லை. "ஐயா, நான் பொய் சொல்லல. நீங்க எந்நேரம் வந்து பார்த்தாலும் உள்ள நாலு பேருதான். ஒரு நிமிசம் அஞ்சு பேரா இருந்ததில்ல. பன்னண்டு மணி நேர ஷிஃப்ட்டு. பாயே நாலுதான் வாங்கியிருக்கேன், சூடு ஆறுறதே இல்ல."

எனக்குப் பதில் வரவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீட்டம்மாதான் கேட்டாள்: "தண்ணியில எத்தனை பேரு குளிக்கிறீங்க?"

"அது எட்டுங்கம்மா" என்று தலையைச் சொறிந்தார்.

மிச்ச நாலு பேரின் கேட் பாஸும் ஆதார் ஜெராக்ஸும் அன்றே வந்துவிட்டன. அடுத்த சிக்கல் கரண்ட். கீழும் மாடியும் ஒரே மீட்டர். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 100 யூனிட் இலவசம் போக, அதற்கு மேல் மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். இதை மேஸ்திரியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர் மீட்டர் போர்டில் சாக்பீஸால் தினமும் ரீடிங் எழுத ஆரம்பித்தார். மின்சாரம் தயாரிக்கிற இடத்தில் பாடுபட்டுவிட்டு வந்து, நான் மறந்து விட்டுவிட்டுப் போன கீழ் வராண்டா ஃபேனை அணைப்பார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாவிடம் ஒருநாள், "அம்மா, இன்னும் இருபத்தாறு யூனிட்டுதான் இருக்கு" என்று வாசலில் நின்று எச்சரித்தார். ரீடிங் எடுக்க வந்த அன்று 494.

ரெண்டாம் தவணை வாடகையை வேலை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கொடுத்தார். "பில் பாஸ் ஆயிடுச்சா?" என்று நானும் விஷயம் தெரிந்தவன் மாதிரி கேட்டேன். "அது எங்கங்கய்யா ஆவுது? கைக்காசு."

கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிப்படிக் கைப்பிடி ஆடுவதைப் பார்த்துவிட்டு, தெரிந்த பட்டறையில் மெஷின் வாங்கி வந்து பற்றவைத்தார்கள். பாய்லர் குழாயில் இவர்கள் போடுகிற ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்துத்தான் பாஸ் பண்ணுவார்களாம். அதே கை. இப்போது வீடு இடிந்தாலும் கைப்பிடி மட்டும் நிற்கும் என்கிறாள் வீட்டம்மா.

அவர்கள் போய் மூன்று மாதமாக மாடி காலி. பதினோரு மாத அக்ரிமெண்ட் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. வீட்டம்மா ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். போன வாரம் டீக்கடையில் ஒரு யூனிட்டில் டியூப் லீக் என்று பேசிக்கொண்டார்கள். நிலக்கரிச் சாம்பல் உரசி உரசிக் குழாய் தேய்ந்து ஓட்டையாகிவிடும். பாய்லரை நிறுத்தி, அது ஆறி, ஆள் உள்ளே போய்ப் பற்றவைக்க வேண்டும். நாட்டுக்கு நஷ்டம்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். "அச்சச்சோ" என்றாள். சொன்ன கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சாயந்திரம் போன் அடித்தது.

"ஐயா, மாடி காலியாங்க? நாலு பேருதான்."

எதிரே நின்ற வீட்டம்மா எட்டு விரலைக் காட்டினாள்.