கடன் கம்பெனியிலிருந்து உங்கள் விவரம் கசிந்தால்: சேலத்துக்காரர்கள் எங்கே போய்ப் புகார் கொடுப்பது

நகையை வைத்துக் கடன் வாங்கியவருக்கு ஒரு மத்தியானம் போன் வருகிறது. "அம்மா, உங்க லோன்ல ஒரு ஆரம், ரெண்டு வளையல், மொத்தம் 32 கிராம். வட்டி நாலு மாசமா நிக்குது. நாளைக்கு ஏலப் பட்டியல்ல உங்க பேரு வருது. இப்ப அனுப்புற லிங்க்ல கட்டிட்டா நிறுத்திடலாம்." எடை சரி, பொருள் சரி, வட்டி நின்ற மாதமும் சரி. செவ்வாய்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் பட்டறைக்கும் தறிக்கும் பணம் புரட்ட நகையை வைக்காத வீடு குறைவு. இப்படி ஒரு குரல் வந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

பணம் போன பிறகு வீட்டில் எல்லோரும் அவரைத்தான் திட்டுவார்கள். ஆனால் அந்த 32 கிராம் என்ற கணக்கு போன் செய்தவனுக்கு எப்படிக் கிடைத்தது? அது அடகுச் சீட்டிலும் கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் மட்டுமே இருக்கும். வழக்கின் உயிரே இந்தக் கேள்விதான். தகவல் கசிந்தது என்று காட்டுவது கஷ்டமில்லை. அந்தக் கசிவால்தான் என் பணம் போனது என்று காட்டுவதில்தான் பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன. அதனால் போனை வைத்ததும் ஒரு தாளை எடுத்து, அவன் தெரிந்து வைத்திருந்தது ஒவ்வொன்றையும் அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்: எடை, கடன் எண், கிளையின் பெயர், பாக்கித் தொகை. தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வையுங்கள். ஒரு வாரம் போனால் இதில் பாதி மறந்துவிடும்.

முதல் வேலை, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் செய்வது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் இதில் நிமிஷக் கணக்கு. அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். ஸ்டேஷனுக்குப் போவதானால், மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு கமிஷனர் அலுவலகத்தின் கீழுள்ள சைபர் கிரைம் காவல் நிலையம். ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.யின் கீழுள்ளது. "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. புகார் வந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் (ஐ.டி. சட்டம்) 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகளைப் புகாரில் குறிப்பிடுங்கள். உள்ளே வேலை செய்தவரே விவரத்தை விற்றதாகத் தெரிந்தால் 72ஏ பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பணம் வெளியேறிய வங்கி வேறு, தகவல் கசிந்த கம்பெனி வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் புகார் வேண்டும், சட்டமும் தனித்தனி.

வங்கியைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிதான் அடிப்படை. வங்கியின் மீதே தவறென்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லை, இடையில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது. 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு 5,000. அதற்கும் மேல் போனால் வங்கி தன் கொள்கைப்படி முடிவு செய்யும். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு உங்கள் தலையில். அதன் பிறகு போவது வங்கியின் தலையில்.

அந்த 3 நாளை எண்ணுவதில் சிலர் தாங்களாகவே நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். தகவல் கிடைத்த நாள் கணக்கில் சேராது. கிளையின் வேலை நாட்கள்தான் கணக்கு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் டவர் இல்லாமல் வியாழன் இரவு எஸ்.எம்.எஸ். வந்து சேர்கிறது என்று வையுங்கள். வெள்ளி ஒன்று. மறுநாள் இரண்டாவது சனி, அடுத்து ஞாயிறு, இரண்டும் விடுமுறை. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. செவ்வாய்க்கிழமை மாலை கொடுத்த புகாரை "ஐந்து நாள் ஆயிடுச்சு" என்று கவுன்டரில் தள்ளினால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

இனி கசியவிட்ட கம்பெனி. குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் கடிதம் போக வேண்டும். "என் தகவல் கசிந்துவிட்டது, நடவடிக்கை எடுக்கவும்" என்று இரண்டு வரி எழுதினால், "உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்" என்று இரண்டு வரி பதில் வரும். கேள்வியாகக் கேளுங்கள். என் விவரங்களில் எவையெவை வெளியே போயின? உங்களுக்குத் தெரியவந்தது எந்தத் தேதி? 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் "சி.இ.ஆர்.டி.-இன்" (CERT-In) என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டுமே, சொன்னீர்களா, எப்போது? ஐ.டி. சட்டத்தின் கீழுள்ள 2011 விதிகளின்படி ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய பாதுகாப்புத் தணிக்கை கடைசியாக நடந்தது எப்போது? என் விவரம் எந்த வெளி ஏஜென்சியிடம் இருந்தது? இவற்றுக்குப் பதில் வந்தாலும் உங்களுக்கு ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். அந்த விதிகளே குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மாதம்தான் தருகின்றன.

ஒரு மாதம் கழிந்ததும் மூன்று வழிகள். முதலாவது ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். வங்கிகளும், வாடிக்கையாளரோடு நேரடியாகப் பழகும் 100 கோடிக்கு மேல் சொத்துள்ள நிதி நிறுவனங்களும் இதில் வரும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இணையத்தில் பதியலாம், அல்லது சண்டிகர் 17ஆம் செக்டாரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், உதவிக்கு 14448. 2026 ஜூன் வரையிலான 2021 திட்டப்படி இழப்புக்கு 20 லட்சம் வரையும் மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரையும், 2026 ஜூலை 1 முதலான புதிய திட்டப்படி 30 லட்சம், 3 லட்சம் வரையும் தர அவருக்கு அதிகாரம். நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஏற்கெனவே வழக்கு இருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். எனவே இங்கே முதலில், அங்கே பிறகு.

இரண்டாவது, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. நீங்கள் சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. இந்தச் சட்டத்தில் இரண்டு வரிகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக அடுத்தவருக்கு வெளியிடுவது 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிகம். "நாங்க வெளியிடலை, திருடிட்டாங்க" என்று கம்பெனி சொல்லும். அதற்குப் பதில் 2(11)இல் இருக்கிறது: அலட்சியமும் சேவைக் குறைபாடு, தெரிவிக்க வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு. கசிவு தெரிந்தும் மூன்று மாதம் வாய் திறக்காத கம்பெனிக்கு எதிராக இந்த இரண்டாவது பாதி வலுவானது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காகவோ நூல் வாங்கவோ எடுத்த கடன் என்றால், "இது வியாபாரக் கடன், இவர் நுகர்வோரே இல்லை" என்ற ஆட்சேபம் கட்டாயம் வரும். குடும்பம் பிழைக்கத் தானே செய்யும் தொழில் என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது வழியைச் சேலத்தில் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஐ.டி. சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்டு, மாநில ஐ.டி. துறைச் செயலரிடம் சென்னையில் மனுப் போடலாம். அவர் தீர்ப்பு அதிகாரி. 5 கோடி வரை விசாரிக்கலாம். 2010இல் இதே மேசையிலிருந்துதான், போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் தர ஒரு பெரிய தனியார் வங்கிக்கு உத்தரவு போனது. கட்டணம் உண்டு: 1 லட்சத்துக்கு மேல் கேட்டால் 5,000 ரூபாயும், மிகுதித் தொகையில் 2 சதவீதமும். 2 லட்சம் கேட்டால் 7,000 ஆகும். கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவு காப்பது வங்கிக் கணக்கு, கார்டு விவரம், பாஸ்வேர்டு, கைரேகை போன்றவற்றை. பெயரும் செல் நம்பரும் மட்டும் போயிருந்தால் இங்கே நிற்காது. நுகர்வோர் ஆணையமே சரி. கம்பெனியின் அலட்சியம், உங்கள் இழப்பு இரண்டையும் காட்ட வேண்டும். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படுகிறது. புதிய சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு அதிலிருந்து எதுவும் வராது. ஆகவே 43ஏ-யில் கேட்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

கசியவிட்டது பங்குத் தரகர் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம், இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் பீமா பரோசா புகார்த் தளம். நடைமுறை ஏறத்தாழ இதேதான்.

பணம் போகவில்லை, பான் நகலும் ஆதார் நகலும் மட்டும் போயின என்றால், உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்குவதுதான் அடுத்த ஆபத்து. யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்று பதிவு வைத்திருக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம். வாங்காத கடன் தெரிந்தால் உடனே எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆதாரின் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு மூலச் செய்தி இருக்கும் கருவி கையில் இருப்பது நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100க்கு போன் செய்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

வழக்கு நடக்கும்போது கிளை மேலாளர் வீட்டுக்கே வந்து, வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டலாம். "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நாளைக்கு அதே கசிவால் இன்னொரு கடன் உங்கள் பெயரில் முளைத்தாலும் கேட்க முடியாமல் போகும். அந்த வரிக்குப் பதில், "இன்று வரை தெரியவந்த இழப்புக்கு மட்டும்" என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.