ஈரக் கையும் 500 ரூபாய்த் தாளும்

ராமேசுவரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊரில் விசைப்படகுகள் கரை சேரும்போது பெரும்பாலும் பொழுது முழுதாகப் புலர்ந்திருப்பதில்லை. இறால் ஏலத்தில் சித்தப்பாவுக்குக் கணக்கு எழுதப் போகும் நாட்களில், ஐஸ் தண்ணீர் சொட்டும் விரல்களோடு பணத்தை எண்ணி வாங்குவது என் வேலை. அப்படி வாங்கிய 500 ரூபாய்த் தாள் ஒன்றை, கள்ள நோட்டு என்று வங்கிக் காசாளர் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு, ரசீது மட்டும் கொடுத்தார். பணம் போனது போனதுதான். நல்ல நோட்டு எப்படி அச்சாகிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒளியில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி அச்சிடப்படுவதே இல்லை. பருத்திக் கூழ் ஈரமாக இருக்கும்போதே தாளின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கப்படுவது அது. சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும் பாதுகாப்பு இழையை நகல் இயந்திரத்தால் எடுக்க முடியாது, ஏனெனில் அது தாளை ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. ஆனால் இவை இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும். எங்கள் ஏலக் கூடத்திலோ பாதிக் குழல் விளக்குகள் எரிவதில்லை.

எங்களுக்கு உதவுவது குழிவு அச்சு. உலோகத் தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் மட்டும் மையை நிறுத்தி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, மிகுந்த அழுத்தத்தில் தாளைப் பதிக்கும்போது, தாள் அந்தப் பள்ளங்களுக்குள் சற்றே புகுந்து மையை அள்ளிக்கொண்டு வருகிறது. காந்தியின் உருவமும் அசோகத் தூண் சின்னமும் விரலுக்கு மேடாகத் தட்டுப்படுவது அதனால்தான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இரு ஓரங்களிலும் இடப்பட்ட சாய்கோடுகளும் இதே அச்சுதான்: 500 ரூபாய்த் தாளில் ஐந்து, 100 ரூபாய்த் தாளில் நான்கு. சாதாரண அச்சில் நிறம் வரும், மேடு வராது.

காசோலையின் தந்திரம் வேறு. ஏற்றுமதி நிறுவனம் கொடுத்த காசோலையைக் கடையில் நகல் எடுத்தபோது, மூலத்தில் கண்ணுக்குத் தெரியாத ‘வாய்டு’ (செல்லாது) என்ற ஆங்கிலச் சொல் நகலின் குறுக்கே எழுந்து நின்றது. பின்னணி நிறம் இரு வகைப் புள்ளிகளால் ஆனது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாயல், ஆனால் இயந்திரம் நுண்ணிய புள்ளிகளை நழுவவிட்டுப் பெரியவற்றை மட்டும் பிடித்துக்கொள்வதால் எழுத்து வெளிப்படுகிறது. மையைக் காட்டிலும் இந்தப் புள்ளிக் கணக்கே எனக்குப் பெரிய வியப்பு.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது, “முதல்ல கையத் துடைடா” என்றார். சரிதான், நனைந்த விரலுக்கு மேடும் பள்ளமும் ஒன்றாகவே தோன்றும். இப்போது தோளில் ஒரு காய்ந்த துண்டு போட்டிருக்கிறேன். துடைத்துக்கொண்டு ஓரக் கோடுகளை நகத்தால் வருடிப் பார்த்த பிறகே தாள் பைக்குள் போகும். உப்பிலும் செதிலிலும் புரண்டு கோடுகள் மழுங்கிய பழைய தாள் வந்தால் மட்டும், ஐஸ் கடை விளக்கடிக்கு நடக்கிறேன்.