ஊஞ்சலடிக் கல்: லேக்கர் உரித்த நான்கு வாரம்

எங்கள் கூடத்தில் கிடப்பது நாற்பது வருடத்துக் கடப்பா கல். எட்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பளபளவென்று இருக்கட்டுமே என்று தரைக்கும் அக்ரிலிக் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடிக்கச் சொன்னோம். இரண்டு வருடம் கண்ணாடிபோல இருந்தது. அப்புறம் நடைபாதை தேய்ந்தது, ஜன்னலோரம் மஞ்சளித்தது. மழைக்காலத்தில் கல்லுக்குள்ளிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கி, பால் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது.

லேக்கரை உரித்துவிடலாம் என்றபோது, ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார் ஒருவர். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். மொட்டைமாடியில் கிடந்த உடைந்த துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். சற்று நேரத்தில் அந்த இடம் மங்கிச் சொரசொரத்துவிட்டது. ஆசிட் விட்டிருந்தால் லேக்கர் தேய்ந்த இடமெல்லாம் கல்லே அரித்துப்போயிருக்கும்.

அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில், நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்துக் குச்சியால் தொட்டால் பிசின்போல இழுத்தது. அக்ரிலிக்தான், கரையும். எபாக்ஸி என்ற இறுகிய பூச்சாக இருந்தால் இப்படி இளகாது.

முதல் சனிக்கிழமை வீண். ஊற்றித் தேய்த்தேன், தேய்ப்பதற்குள் ஆவியாகி, கரைந்த லேக்கர் பக்கத்துக் கல்லில் அப்பிக்கொண்டது. மறுநாள் பழைய வேட்டியைக் கிழித்து அசிட்டோனில் நனைத்து விரித்து, மேலே பாலித்தீன் தாள் மூடிப் பதினைந்து நிமிடம் விட்டேன். பிளாஸ்டிக் தகட்டால் தள்ளியதும் பால் ஏடுபோலச் சுருண்டு வந்தது. உடனே புதுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுக்குத் துணியால் மறுபடி துடைத்தால், எடுத்ததையே திருப்பிப் பூசுகிறோம். இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. இரண்டடிக்கு இரண்டடிக் கல் ஒன்றுக்கு நாற்பது நிமிடம். மொத்தம் 36 கல், 14 லிட்டர் அசிட்டோன். இணைப்புக் கோடுகளுக்குப் பழைய பல்துலக்கி.

அசிட்டோன் ஆவி சின்னப் பொறியிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனம், தரையோடுதான் படரும். நாமும் தரையில்தான் குந்தியிருக்கிறோம். அதனால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, சாமி விளக்கை அணைத்து, அடுப்பு பற்ற வைக்காமல், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் முன்கூட்டியே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கரைப்பான் ஆவிக்கான முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் இதற்கு உதவாது. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் மாடியில் விரித்து உலர்த்தினேன்.

சுத்தமாகப் போய்விட்டதா என்று பார்க்கத் தண்ணீர் சொட்டு விடுவேன். லேக்கர் மிச்சமிருந்தால் முத்தாக நிற்கும். போயிருந்தால் பரவி, கல் மெல்லக் கறுக்கும்.

மூன்றாம் வாரம் ஊஞ்சலடிக்கு வந்தேன். அப்பா கால் உந்தி உந்தித் தேய்ந்த பள்ளம் ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கை வைத்தால் தெரியும். லேக்கர் அதை நிரவி மூடியிருந்தது. அந்தக் கல்லுக்கு மட்டும் தகடு போடவில்லை, துணியாலேயே எடுத்தேன்.

மேலே எதுவும் பூசுவதாக இல்லை. இந்த மழைக்காலம் முழுக்கக் கல் மூச்சு விடட்டும். வாசல்படியோரம் இன்னும் இரண்டு கல் பாக்கி.