டெக்ஸ்ட் பாக்ஸைக் கட்டிப்போடுவது

எக்செல்லில் மாதாந்திர இருப்பு அறிக்கை தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. எண்களால் எனக்குத் தொந்தரவு இல்லை. அவை அவரவர் செல்லில் சொன்னபடி உட்கார்ந்திருக்கும். தகராறு செய்வது எழுத்துதான். கையிருப்பு ஏன் குறைந்தது, எந்தச் சரக்கைக் கழித்துவிட்டோம், எது இன்னும் வந்து சேரவில்லை என்று நான்கு வரி விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அதை எங்கே எழுதுவது?

பெரும்பாலானோர் பத்துப் பன்னிரண்டு செல்களை ஒன்றாக இணைத்து, அதற்குள் பத்தியைத் திணிக்கிறார்கள். இந்த மெர்ஜ் வசதியின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. இணைத்த செல் ஒன்று பட்டியலுக்குள் இருந்தாலே வரிசைப்படுத்த முடியாது என்று எக்செல் அடம்பிடிக்கும். எழுத்து நீண்டால் வரிசையின் உயரம் தானாகக் கூடாது. கடைசி வரி பாதியில் நறுக்குண்டு நிற்கும். செல்களின் மேல் இழுத்து ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கப் போனால் பக்கத்து நெடுவரிசைகளும் சேர்ந்து வரும். ஆகவே கணக்கைச் செல்லிலும், விளக்கத்தைத் தாளின் மேல் மிதக்கும் எழுத்துப் பெட்டியான டெக்ஸ்ட் பாக்ஸிலும் வைப்பது என் வழக்கம்.

பெட்டியைப் போடுவது எளிது. இன்செர்ட் தாவலில் டெக்ஸ்ட் பாக்ஸைச் சொடுக்கி, தாளின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தால் பெட்டி தயார். இழுக்கும்போது ஆல்ட் விசையையும் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஓரங்கள் செல் கோடுகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நகர்த்தும்போதும் அளவு மாற்றும்போதும் இதே விசைதான். ஒரு நூலளவு தள்ளி நிற்கும் பெட்டியைப் பார்த்தால் எனக்கு அந்தத் தாளில் உள்ள கணக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். அநியாயம்தான், ஆனால் அறிக்கையைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும். டெக்ஸ்ட் பாக்ஸ் எந்தச் செல்லுக்குள்ளும் இல்லை. பேரேட்டின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து அந்தக் கண்ணாடியில் எழுதுவது போன்றது அது. அதனால்தான் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ஒரு சொல்லைத் தேடினால், பெட்டிக்குள் கண்ணெதிரே இருக்கும் சொல்லையும் எக்செல் இல்லை என்கிறது. எந்த ஃபார்முலாவும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. பிறகு கூட்டவோ தேடவோ வடிகட்டவோ தேவைப்படும் எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. சரக்கின் பெயரையும் எண்ணிக்கையையும் பெட்டிக்குள் தட்டிவைத்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதை உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போன பிறகு மற்றவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

கண்ணாடி என்றால் நழுவும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, “அக்கா, ஃபில்டர் போட்டதும் நான் எழுதிய குறிப்பு முழுவதும் போய்விட்டது. எதையும் அழிக்கவில்லை” என்றாள். அவள் திரையில் பட்டியலின் நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அதுதான் அவளுடைய பெட்டி. வடிகட்டியபோது பெட்டிக்கு அடியில் இருந்த வரிசைகள் மறைந்தன. அவற்றோடு பெட்டியும் சப்பையாகிவிட்டது.

பெட்டியின் ஓரத்தில் சொடுக்கிவிட்டு கன்ட்ரோலும் 1-உம் அழுத்தச் சொன்னேன். வலப்பக்கம் ஃபார்மட் ஷேப் பலகை திறந்தது. அதில் சைஸ் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ் பகுதிக்குள் போனால், ப்ராப்பர்ட்டீஸ் என்ற தலைப்பின் கீழ் மூன்று தெரிவுகள் இருக்கும். செல்களோடு நகர்ந்து, செல்களோடு சுருங்கி விரிவது ஒன்று. நகரும், ஆனால் அளவு மாறாது என்பது இன்னொன்று. நகரவும் மாட்டேன், அளவும் மாற மாட்டேன் என்பது மூன்றாவது. அவளுடைய பெட்டி முதலாவதில் இருந்தது. இரண்டாவதுக்கு மாற்றச் சொன்னேன்.

“மூன்றாவதை வைத்தால் இன்னும் பாதுகாப்பு அல்லவா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு குறிப்பிட்ட வரிசையைச் சுட்டிக்காட்டும் குறிப்பு என்றால், மேலே புதிய வரிசைகளைச் செருகும்போது அந்தக் குறிப்பும் கூடவே இறங்க வேண்டும். மூன்றாவதில் வைத்தால் பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். அது சுட்டிய சரக்கு கீழே போயிருக்கும். ஈயத்துக்கு எழுதிய விளக்கம் பித்தளைக்குப் பக்கத்தில் நிற்கும். தாள் முழுவதற்குமான பொதுவான குறிப்பைத் தலைப்புப் பகுதியில் வைக்கும்போது மட்டும் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறேன். மேல் வரிசைகளை உருட்டினாலும் நகராதபடி ஃப்ரீஸ் செய்திருந்தால் அந்தப் பெட்டி முழுவதும் அந்த வரிசைகளுக்குள் அடங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த கோட்டைத் தாண்டி நீண்டால், உருட்டும்போது பெட்டி அங்கேயே வெட்டுப்படும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வசதிக்கு வருகிறேன். பெட்டியில் உள்ள எழுத்தை ஒரு செல்லோடு இணைக்கலாம். எங்கள் அறிக்கையின் உச்சியில் மொத்தக் கையிருப்பு மதிப்பு பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். அதைக் கையால் தட்டிவிட்டால் அடுத்த மாதம் எண் மாறும்போது பெட்டி பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் பெட்டியின் ஓரத்தைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு, மொத்தம் இருக்கும் செல்லைச் சொடுக்கி என்டர் தட்டுகிறேன். அவ்வளவுதான். செல் மாறினால் பெட்டியும் மாறும். செல் வேறொரு தாளில் இருந்தாலும் பரவாயில்லை.

பலர் தடுக்கி விழுவது சமக்குறியை எங்கே போடுவது என்பதில். பெட்டிக்குள் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும்போது போட்டால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். பெட்டி முழுவதும் தேர்வாகியிருக்க வேண்டும். ஓரக்கோட்டின் மேலேயே சொடுக்கினால் அது நடக்கும். மினுக்கும் கர்சர் தெரிந்தால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினாலும் போதும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பெட்டிக்கு ஒரு செல்லின் முகவரியைத்தான் தரலாம். கணக்கீடு எதையும் நேரடியாகத் தர முடியாது. “மொத்தக் கையிருப்பு மதிப்பு” என்ற சொற்களும் தொகையும் ஒரே வரியில் வேண்டும் என்றால், ஓரமாக ஒரு செல்லில் அந்த வாக்கியத்தைச் சேர்த்துவிட வேண்டும். மேற்கோள் குறிக்குள் சொற்கள், பிறகு இரண்டையும் ஒட்டும் & குறி, பிறகு எண்ணைச் சொன்ன வடிவில் எழுத்தாக்கும் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் தொகையும் அதன் வடிவமும். அந்த ஃபங்ஷனை விட்டுவிட்டால் காற்புள்ளி இல்லாத மொட்டை எண்தான் வரும். பெட்டியை இந்தச் செல்லோடு இணைத்தால் சரியாகிவிடும். இணைத்த பெட்டியில் ஒரு சொல்லை மட்டும் தடிமனாக்க முடியாது. தடிமன் என்றால் மொத்தமும் தடிமன்தான். என்னைக் கேட்டால் அது ஒரு நன்மை.

அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிழல், பளபளப்பு, சாய்ந்த விளிம்பு எல்லாம் பட்டியில் இருக்கின்றன, இருக்கட்டும். நான் நிரப்பு நிறத்தை எடுத்துவிடுகிறேன், அல்லது மிக மங்கலான சாம்பல் வைக்கிறேன். விளிம்புக்கோடும் பெரும்பாலும் வேண்டாம். ஒரு பெட்டியை மனதுக்குப் பிடித்தபடி அமைத்த பிறகு ரைட் கிளிக் செய்து அதையே இயல்பான டெக்ஸ்ட் பாக்ஸாக வைத்துவிட்டால், அந்தக் கோப்பில் அடுத்து வரையும் பெட்டிகள் அதே கோலத்தில் பிறக்கும். பெட்டிகள் பெருகிவிட்டால் ஆல்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் செலக்‌ஷன் பலகை வரும். அதில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம், வேண்டாத நேரத்தில் மறைக்கலாம். கன்ட்ரோலும் 6-உம் அழுத்தினால் தாளில் உள்ள அத்தனை பெட்டிகளும் படங்களும் ஒரேயடியாக மறையும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். யாராவது தெரியாமல் அழுத்திவிட்டுப் பதறினால் சொல்லிக் கொடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் உள்விளிம்பைக் கவனிக்க வேண்டும். எக்செல் பெட்டிக்குள் மேலும் கீழும் மிகக் குறைந்த இடமே விடுகிறது. நம்முடைய ‘கு’, ‘மூ’ போன்றவை கோட்டுக்குக் கீழே வால் நீட்டுபவை. பெட்டியை நெருக்கமாக வரைந்தால் கடைசி வரியில் அந்த வால்கள் வெட்டுப்படும். குறில் எது, நெடில் எது என்று தெரியாது. டெக்ஸ்ட் பாக்ஸ் பகுதியில் எழுத்துக்கு ஏற்பப் பெட்டி வளரும் தெரிவைப் போட்டால் இது தீரும். லதாவிலிருந்து நிர்மலாவுக்கு எழுத்துரு மாற்றினாலும் வரிகள் மடியும் இடம் மாறக்கூடும் என்பதால் எழுத்துருவை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. திரையில் மூன்று வரியாகத் தெரிந்தது அச்சில் நான்காக மடிவதும் சாதாரணம். அச்சு முன்னோட்டத்தைப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல், இதே தீர்வு. பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஆங்கர் என்று இருக்கும். பக்கத்தோடு கட்டுவது, செல்லோடு கட்டுவது, செல்லோடு கட்டி அளவும் மாற விடுவது என அங்கேயும் மூன்று தெரிவுகள். கூகுள் ஷீட்ஸில்தான் நிலைமை வேறு. அங்கே இன்செர்ட் பட்டியில் டிராயிங் என்பதற்குள் போய்த்தான் எழுத்துப் பெட்டி வரைய வேண்டும், அதை எந்தச் செல்லோடும் இணைக்க முடியாது. அதனால் அங்கே போகும் பிரதியில் நான் பெட்டி வைப்பதே இல்லை. பட்டியலுக்கு மேலே ஒரு வரிசையை ஒதுக்கி, அகலமான ஒரே செல்லில் வரி மடியும்படி விளக்கத்தை எழுதிவிடுகிறேன்.