ரிட்டர்ன் செய்த பெறுமானம் எங்கே போகிறது?

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுப்பவர்களுக்குப் பைத்தன் என்ற கணினி மொழியிலும் சார்பு (பெயர் வைத்து அழைக்கும் கட்டளைத் தொகுதி) வரும், வெப் பகுதியில் பிஎச்பி மொழியிலும் வரும். ஹட்டன் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லிக் கொடுப்பதில் நான் கவனித்தது இது: சார்பை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அது திருப்பித் தரும், அதாவது ரிட்டர்ன் செய்யும், பெறுமானத்தை வாங்கிப் பயன்படுத்தும் இடத்தில்தான் புள்ளி போகிறது.

நமக்குப் பழகிய கணக்கையே எடுப்போம். கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பார்கள் அல்லவா? அதற்கு நிகரம்(மொத்தம், சாக்கு) என்று பிஎச்பியில் ஒரு சார்பு எழுதி, உள்ளே விடையை ரிட்டர்ன் செய்யாமல் எக்கோ செய்கிறீர்கள், அதாவது திரையில் அச்சிடுகிறீர்கள். நிகரம்(23, 2) என்று அழைத்தால் திரையில் 21 வரும். பார்க்கச் சரிதான். இப்போது $கிலோ = நிகரம்(23, 2) என்று வாங்கி, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டியது 18 கிலோ என்று வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். 3 வராது, -18 வரும். ரிட்டர்ன் இல்லாததால் $கிலோவுக்குள் இருப்பது நல் (null), அதாவது ஒன்றுமில்லை. கணக்கில் பிஎச்பி அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கைகூடத் தராது. இதே இடத்தில் பைத்தன் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 'நான்' (NaN, எண் அல்ல) என்று வரும். என்னைக் கேட்டால் மூன்றிலும் பொல்லாதது பிஎச்பிதான்.

இன்னொன்று. அதே சார்பை எக்கோ "கிலோ: " . நிகரம்(23, 2) என்று எழுதினால் வெளியீடு "21கிலோ: ". புள்ளி போட்டு ஒட்டுவதற்கு முன்பே சார்பு ஓடி, 21ஐ அச்சிட்டுவிடுகிறது. ரிட்டர்ன் போட்டிருந்தால் "கிலோ: 21" என்று ஒழுங்காக வரும்.

ரிட்டர்ன் வந்ததும் சார்பு முடிந்தது, கீழே உள்ள வரிகள் ஓடாது. பேர்(கிலோ) என்று இன்னொரு சார்பு எழுதுவோம்: 18 அல்லது அதற்கு மேல் என்றால் "முழுப்பேர்" (முழு நாள் சம்பளம்) என்று ரிட்டர்ன், அடுத்த வரியில் "அரைப்பேர்" (அரை நாள் சம்பளம்) என்று ரிட்டர்ன்; 'இல்லாவிட்டால்' என்று சொல்லும் எல்ஸ் தேவையே இல்லை.

லயத்து வீட்டில் கம்பியூட்டர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், இதைத் தாளிலேயே பழகலாம். கடந்தகால வினாத்தாளில் சார்பை அழைக்கும் இடத்தைப் பென்சிலால் வெட்டி, அது ரிட்டர்ன் செய்யும் பெறுமானத்தை மேலே எழுதுங்கள். பேர்(நிகரம்(23, 2)) என்று இருந்தால் முதலில் உள்ளே உள்ளதை வெட்டி 21 எழுதுங்கள், அப்புறம் வெளியே உள்ளது. ரிட்டர்ன் இல்லாத சார்பென்றால் பிஎச்பிக்கு நல், பைத்தனுக்கு நன் (None) என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.